குத்தாலிங்கத்தின் மூக்கும் ஆரஞ்சுத் தோலும்

“மனித உடம்பு ஒரு மகத்தான தந்தி இலாகா! நரம்புகளே அதன் கம்பிகள்! அவற்றில் எங்கும் இடைவெளி கிடையாது!” என்று முழங்கினார் நெல்லையப்பன் சார். முழங்கிய வேகத்தில் தலைப்பாகை சரிந்து கண்ணை மறைத்தது.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு அன்று இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஐந்தாம் வகுப்பு அவரிடம் நல்ல பெயர் வாங்கினால், சனிக்கிழமை குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். அந்த வகுப்பில் படித்த சுகிர்தத்துக்குக் குற்றாலத்து அருவிதான் குறி. சீசன் முடியப்போகிறது, வீட்டில் யாரும் கூட்டிப்போகிற மாதிரித் தெரியவில்லை.

பையன்கள் கைகோத்து வரிசையாக நின்றார்கள். அவர்கள்தான் நரம்பு. கடைசியில் நின்ற இசக்கிப்பாண்டி மூளை. முதலில் நிற்பவன் காலைச் சார் குச்சியால் தொடுவார். அவன் அடுத்தவன் கையை அழுத்துவான். அழுத்தம் கைமாறி வந்து சேர்ந்ததும் மூளை “ஆ!” என்று கத்தும்.

“பெண்பிள்ளைகளுக்கு நரம்பு இல்லையா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சார் அதை யோசித்திருக்கவில்லை. அவசரமாகப் பெண்களையும் கைகோக்கச் சொல்லி, வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். பெண்களில் கடைசி, சுகிர்தம். அவளுக்கு அடுத்து நின்றவன், பையன்களில் முதலாவதான குத்தாலிங்கம். அவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“ஏலே, கையக் குடுலே!” என்றாள் சுகிர்தம் மெதுவாக.

“ஏட்டி, போ! ஒன் கையத் தொட்டா பயலுவ வருசம் பூரா கேலி பண்ணுவானுவ.”

சார் முதல் பெண்ணின் காலைத் தொட்டார். செய்தி கைக்குக் கை ஓடிவந்து சுகிர்தத்திடம் நின்றுபோயிற்று. மூளை வாயைப் பிளந்தபடி காத்திருந்தது. சாருக்கு வியர்த்தது.

‘போச்சு, அருவி போச்சு!’ என்று நினைத்தாள் சுகிர்தம். சட்டென்று, காலையில் பழத்தைத் தின்றுவிட்டுப் பாவாடைச் செருகலில் வைத்திருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்தாள். குத்தாலிங்கத்தின் மூக்குக்கு நேரே பிடித்து, மடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள். சாறு பொடிப்பொடித் துளியாகப் பீய்ச்சியது.

“எம்மா!” என்று துள்ளிய குத்தாலிங்கம் பக்கத்துக் கையை நசுக்கினான். அடுத்த கை, அதற்கடுத்த கை…

“ஆ!” என்றது மூளை.

“ஒன் கைய நான் தொடவே இல்லலே,” என்றாள் சுகிர்தம்.

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “பலே! சீமையில் சில டாக்டர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மிகமிகச் சின்ன இடைவெளி உண்டாம். முதல் நரம்பின் நுனியில் ஏதோ ரசாயனம் துளியூண்டு கசியுமாம். அது பட்டதும் அடுத்தது விழித்துக்கொள்ளுமாம். எல்லாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.”

“ஆமாம் ஐயா. அதற்காகத்தான் அந்த இடத்தில் இடைவெளி விட்டேன்,” என்றார் சார்.

“சார், இடைவெளியே கிடையாதுன்னு நீங்கதான…” என்று தொடங்கினான் இசக்கிப்பாண்டி. சார் ஒரு பார்வை பார்த்தார். மூளை வாயை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை சுகிர்தம் உதடு நீலம் பாரிக்கும்வரை அருவியில் குளித்தாள். நெல்லையப்பன் சார் கால் பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அலறிக்கொண்டு வெளியே எடுத்தார். அப்புறம் அவர் குளிக்கவில்லை.