சாவு வீட்டிலிருந்து நேரே வந்தவள்

பட்டியலில் பதினான்கு பெயர்கள். வரிசையில் நின்றவர்களை மரிவிக் எண்ணியபோது பதினைந்து தலைகள் இருந்தன.

அது செங்கல்லும் சிமெண்டும் இல்லாத கூடம். பகோலோட் நகரத்துப் பிள்ளைகள் பொழுதெல்லாம் கிடக்கும் இணைய விளையாட்டு உலகத்துக்குள், அவள் வேலை பார்க்கும் கால் சென்டர் ஆள் சேர்ப்பதற்காகக் கட்டியது. பிள்ளைகள் பொம்மை உருவங்களில் வந்து வரிசையில் நிற்பார்கள். மரிவிக்கும் ஒரு பொம்மை உருவத்தில் உட்கார்ந்து பேட்டி எடுப்பாள். தேறியவர்களுக்கு மறுவாரமே நிஜ நாற்காலி, நிஜச் சம்பளம்.

பதினைந்தாவது உருவத்தின் தலைக்கு மேல் பெயர் இல்லை. அன்னாசி நாரில் நெய்த வெள்ளை பரோங் சட்டை போட்டிருந்தது. அந்த விளையாட்டில் அப்படி ஒரு சட்டையே கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் அந்தச் சட்டையைப் பார்த்திருந்தாள், சவப்பெட்டியின் கண்ணாடி வழியாக, ஃபெர்மின் சார் உடம்பில்.

ஃபெர்மின் சார் அவளுடைய மேலதிகாரி. ஒன்பது வருஷம் அவரோடு ஆள் பிடித்திருக்கிறாள். அவரிடம் யாரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதில்லை. யோசிக்க வேண்டும் என்பவர்களிடம், தாராளமாக யோசியுங்கள் என்று சிரித்துவிட்டு, எப்போது சேருகிறீர்கள் என்று கேட்பார். எதிரே இருப்பவர் தலையாட்டும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார். டீச்சர் வேலைக்குப் போகவிருந்த மரிவிக்கே அப்படித் தலையாட்டி மாட்டியவள்தான்.

சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டு அந்த ஊரில் யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் ஒரு கடையில் நின்று காபியாவது குடித்து, கூட வந்ததை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள். மரிவிக்குக்கு நான்கு மணிக்கு ஆள்சேர்ப்பு. வெளியே பேய்மழை. வீட்டுக்குப் போய் இணையக் கூடத்தில் நிற்கப்போகிறேனே, அதுவும் ஓர் இடம்தானே என்றாள். ஆபீஸ் தோழி டெல்ஃபா, "அந்தக் கூடத்துல காபி குடுப்பாங்களாடி?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சாவு வீட்டார் வந்தவர்களை வழியனுப்புவதும் இல்லை. இருந்தும் வாசல் வரை தன் பின்னால் ஒரு ஜோடி பூட்ஸ் நடந்து வரும் சத்தம் மரிவிக்குக்குக் கேட்டது. மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வீட்டு அறையில் மெழுகுவர்த்தி உருகும் வாசனையும், இரண்டு நாள் கண்ணாடிக்கு மேல் கிடந்த பூக்களின் புளித்த வாசனையும் கலந்து, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல், அவள் கழுத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தன. திரையில் பெயரில்லாத உருவம் வரிசையின் முதல் ஆளிடம் போய்க் குனிந்தது. முதல் ஆளின் உருவம் தலையை மேலும் கீழுமாக ஆட்டியது. பிறகு பின்சுவரில் அழகுக்காக வரைந்த கதவை நோக்கி நடந்து, அதற்குள் போய்விட்டது. அது திறக்கிற கதவே அல்ல.

'சேர்ந்துட்டேன் மேடம்' என்று ஓர் எழுத்துவரி மட்டும் மிதந்தது.

இரண்டாவது ஆள். மூன்றாவது. நான்காவது.

முதல் பையன் ரோடெலின் எண்ணை அழைத்தாள். அவன் அம்மா எடுத்தாள். பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டானாம், எவ்வளவு உலுக்கியும் எழவில்லையாம். "கண்ணு மட்டும் திறந்திருக்கும்மா," என்றாள் அந்த அம்மா.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்த ஆள் சுடுகாட்டுக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டார். மரிவிக்குக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஐந்தாவது பெயரைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

'நீலப்பூனை'. அவள் தங்கை லிசெல். நர்ஸ் படிப்பு முடியும் முன் வேலை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தும், அக்காவுக்குத் தெரியாமல் வரிசையில் நிற்கிறாள்.

பின்னறைக்கு ஓடினாள். லிசெல் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தாள். இமை ஆடவில்லை.

"அக்கா, ஒரு சார் கேக்குறாரு. எப்போ சேர்றீங்கன்னு."

தலையாட்டுவதற்கு அவள் தாடை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. மரிவிக் அந்தத் தாடையை உள்ளங்கையால் ஏந்திப் பிடித்தாள். மறு கையால் போனைப் பறித்துத் தண்ணீர் வாளியில் போட்டாள். லிசெல் தண்ணீரிலிருந்து எழுந்தவளாக மூச்சை இழுத்து அழுதாள்.

"எந்திரி. முக்குக் கடைக்கு ஓடு. காபி வாங்கிக் குடி. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

"நீ வரலையா அக்கா?"

"இன்னும் ஒன்பது பேர் நிக்கிறாங்கடி."

தங்கையை மழைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நீலப்பூனை மறைந்திருந்தது. வரிசையில் மிச்சமிருந்த ஒன்பது பேருக்கும் பெரிய எழுத்தில் அடித்தாள்: வேலை இல்லை. ஓடுங்க. ஒவ்வொருவராக அணைந்தார்கள். திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைசி உருவம் போனபோது மரிவிக் சிரித்தேவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வலையிலிருந்து ஆட்களைத் தப்பவிட்டிருக்கிறாள்.

கூடம் காலி. அவள் உருவம். எதிரே அது.

நாற்காலி அவளுக்குப் பின்னால் நகர்ந்தது. திரையில் அல்ல. அறையில்.

எப்போ சேர்றீங்க?

எழுத்தாக வரவில்லை. காதோரத்தில், குளிராக, பழைய அதே சிரிப்போடு.

"மாட்டேன் சார்."

எப்போ சேர்றீங்க?

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும். இப்போ சொல்றேன். மாட்டேன்."

திரையில் அவள் உருவம் தலையாட்டியது. மேலும் கீழும். அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. அந்த உருவம் எழுந்து, வரைந்த கதவை நோக்கி நடந்தது.

"மாட்டேன்," என்று கத்தினாள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிடரியில் விரல்கள். ஈரமாக. அவசரமே இல்லாமல்.

மாட்டேன். மாட்டேன். மாட்டேன். குரல் உடையவில்லை. தெருமுனை வரை கேட்டிருக்கும். அவள் தலை மட்டும் மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, ஆடிக்கொண்டே இருந்தது.