மடைக்கயிறு

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய கண்மாயின் பழைய மடையருகே இருந்தவர்கள் ஐந்து பேர். நிலக்காரர் சங்கரலிங்கம், வயது எழுபது. சிவகாசியில் அச்சகம் நடத்தும் அவர் மகன் ராம்குமார். மற்ற மூவரும் கரைமேட்டு ஆட்கள்: மடை திறக்க வந்த மணிமுத்து, அவன் மனைவி அழகுமீனா, அவன் பெரியம்மா வெள்ளைத்தாய். வேறு யாரும் இல்லை.

கயிறு ஈரமாக இருந்தது.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடந்த நார்க்கயிறு அது. காலையில் ராம்குமார் பெட்டியை இறக்கித் திறந்தபோது உள்ளே தூசியும் பல்லி எச்சமும் காய்ந்து கிடந்தன. கயிறு மட்டும் குளிர்ந்து, கனத்து, சேற்றின் பச்சை வாடையோடு கையில் ஒட்டியது. மழைக்காலத்து ஈரம் என்று சங்கரலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டார். இப்போது கரையில் நிற்கும்போது அந்த ஈரம் சொட்டத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கரைமேட்டு ஆட்களின் முன்னால் எதையும் குனிந்து பார்க்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

கரைமேடு என்பது கண்மாய்க் கரையின் தெற்கு முனையில் பதினெட்டு வீடுகள். பதினெட்டும் வாசலைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, ஊருக்கு முதுகைக் காட்டி நிற்கும். கண்மாய் வெட்டிய காலத்தில் மண் சுமக்க வந்து, வேலை முடிந்த பிறகும் போகத் தெரியாமல் தங்கிவிட்ட கூட்டம். வெள்ளம் வந்தால் கூரைமேல் ஏறித் தாயம் உருட்டுவார்கள். காரியாபட்டிச் சாலையில் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தபோது, தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று ஒரே மாதத்தில் சட்டி பானையோடு திரும்பி வந்தார்கள். கண்மாய் வற்றினால் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வேனில் போவார்கள்; நிறைந்தால் வேனை அனுப்பிவிட்டுக் கெண்டை பிடிப்பார்கள். ஒருவனுக்காவது நன்றி சொல்லத் தெரியாது. உரக்கச் சிரிக்க மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டம்தான் இந்த வருடம் கயிற்றைக் கேட்டது.

மடை திறக்கும் முறை பழையது. மூழ்குகிறவன் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை. கரையில் நிற்கும் நிலக்காரர் கையில் மறுமுனை. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் மடைக்குழியை அடைந்துவிட்டான். இரண்டு வந்தால் அடைப்பைத் திறந்துவிட்டான். மூன்று வந்தால் தூக்க வேண்டும். திறந்த மடை தண்ணீரோடு ஆளையும் உறிஞ்சும். மேலே இருப்பவர் இழுத்தால்தான் உயிர். அதற்காகத்தான் அந்தக் குடும்பத்துக்கு முதல் தண்ணீரும், கோயிலில் முதல் பரிவட்டமும். கயிற்றை விட்ட கைக்கு இரண்டும் கிடையாது. இடையில் இரும்பு ஷட்டர் வந்து கயிற்றுக்கு வேலை இல்லாமல் போனது. இந்தக் கார்த்திகை மழையில் ஷட்டர் துருப்பிடித்து இறுகிக்கொள்ள, கரை கசியத் தொடங்கிவிட்டது. பழைய மடையைத் திறப்பதைத் தவிர வழியில்லை.

"ஐயா, பெரியம்மா பிடிக்கட்டுமே," என்றான் மணிமுத்து. தீபாவளி முடிந்து வாரங்களாகியும் அவன் நகக்கண்களில் வெடிமருந்தின் வெள்ளிச் சாம்பல் போகவில்லை. "உசுரு எங்க உசுரு. கயிறும் எங்க கையில இருந்தா மனசுக்குத் தெம்பா இருக்கும்."

"ஏலே, உங்க ஆளுக கையில கயித்தக் குடுத்தா அதுல துணி காயப் போடுவீக," என்றார் சங்கரலிங்கம். "இது எங்க குடும்பத்து உரிமை."

அழகுமீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெடி ஆலையில செத்தாலாவது பேப்பர்ல பேரு போடுவாக. இங்கன செத்தா ஐயா வயலுக்குத் தண்ணி. போயிட்டு வாங்க," என்றாள் புருஷனிடம்.

வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. எழுபதை நெருங்கும் கிழவி, நெற்றியில் வட்டப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. கட்டிய கருப்பணன் காணாமல் போய் முப்பத்தொன்பது வருடம். தண்ணீருக்குள் போனவன் உடல் கரையேறாதவரை தாலி அறுப்பதில்லையாம் இவர்கள். ஓடிப்போனவனுக்கு எதற்குப் பொட்டு என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் சங்கரலிங்கத்துக்குக் குமட்டும்.

"கயிறு ஈரமா இருக்கோ, ஐயா?" என்று கேட்டாள் அவள்.

அவர் கயிற்றை வலது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மணிமுத்து மூழ்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது. மடைத்தூண்கள் இரண்டும் மேகத்தின் கீழே கறுத்து நிற்க, கயிறு அவர் கையிலிருந்து பாம்பு நழுவுவதுபோல் நழுவி இறங்கியது. எங்கோ ஒரு ஆலையில் ஈரவெடியைச் சோதிப்பவர்கள் போட்ட ஒற்றைச் சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்து அடங்கியது. அதற்குப் பிறகு தவளைகூடக் கத்தவில்லை. ஒரு இழுப்பு வந்தது. சற்றுப் பொறுத்து இரண்டு. கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில் தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. சங்கரலிங்கம் மூன்றாவதற்காகக் காத்திருந்தார்.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் காத்திருந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று, மூழ்கியவன் கருப்பணன். கரையில் வேறு ஆள் இல்லை. கோயிலில் மேளம் கேட்டது. நேரத்துக்குப் போகாவிட்டால் பங்காளி வீட்டுத் தலையில் பரிவட்டம் ஏறிவிடும். அப்போது மூன்று இழுப்பும் வந்தது. வந்ததை அவர் கை அறியும். ஒரு கரைமேட்டு ஆளைத் தூக்கிக்கொண்டிருக்க, மரியாதையை இன்னொருவன் வாங்குவதா? கயிற்றைப் போட்டுவிட்டு நடந்தார். வெகுநேரம் பிடித்திருந்தேன், இழுப்பே வரவில்லை, அவன் அந்தப் பக்கம் ஏறி ஓடிவிட்டான் என்று ஊரில் சொன்னார். மறுநாள் கயிறு மட்டும் கரை ஒதுங்கியது. கோடையில் கண்மாய் வற்றியபோது மடைக்குழிக்குள் இறங்கித் தேடினார்கள். வெறும் சேறு. ஓடிப்போகிற கூட்டம்தானே என்று எல்லோரும் நம்பினார்கள்.

பத்தடி தள்ளித் தண்ணீர் உடைந்தது. மணிமுத்து தலையைத் தூக்கி, இருமி, கரையைப் பிராண்டி ஏறினான். அழகுமீனா ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். அவன் இடுப்பில் கயிறு இல்லை.

"அவுத்துட்டாக," என்றான். பல் தந்தியடித்தது. "பெரியம்மா, கீழ ஆளு இருக்கு. முடிச்ச அவுத்து என்னைய மேல தள்ளி விட்டாக."

சங்கரலிங்கம் சிரிக்க நினைத்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறான். முடிச்சுக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன்.

அவர் கையில் கயிறு அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அவசரம் இல்லாத இழுப்பு. முறை தெரிந்த இழுப்பு.

"மடைத் தண்ணி இழுக்குது," என்றார்.

"தண்ணி எண்ணி இழுக்குமா?" என்றாள் வெள்ளைத்தாய். அவள் கண் கயிற்றின்மேல் இருந்தது. "மூணு வந்தா தூக்கணும். தூக்குங்க, ஐயா."

மறுபடியும் மூன்று.

தூக்கினால் என்ன வரும்? வருவதை இந்தப் பொட்டு வைத்த கிழவி பார்ப்பாள். பதினெட்டு வீடும் பார்க்கும். விட்டால், கயிற்றை விட்ட கை இதுதான் என்று சாட்சியோடு நிரூபணம் ஆகிவிடும். இரண்டும் முடியாது. பிடித்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும். நின்றார்.

கயிறு இறுகியது. உள்ளங்கையில் சுற்று புதைந்தது. செருப்பு சேற்றில் வழுக்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. கணுக்காலில் தண்ணீர், பெட்டியில் வீசிய அதே வாடை.

"அப்பா! விட்டுருங்கப்பா!" ராம்குமார் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"தொடாதல!" முழங்கையால் மகனின் நெஞ்சில் இடித்தார். அவன் மல்லாந்து விழுந்தான். "நம்ம குடும்பம் கயித்த விட்டதில்ல!"

வெள்ளைத்தாய் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற பார்வை. இத்தனை வருடம் அவர் அவர்களைப் பார்த்த பார்வை.

மணிமுத்து ஒரு அடி வைத்தான். "ஐயா, விடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

யாரும் சொல்ல மாட்டார்களாம். இவர்கள் இரக்கப்படுகிறார்கள். அவர் மேல். இவர்கள்.

இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

முழங்கால். இடுப்பு. கயிறு சேற்றுநிறத் தண்ணீருக்குள் நேராக இறங்கிப்போனது. அடியில் ஏதோ வெளுப்பாக. தெளிவில்லை. தெளிய வேண்டாம். மார்பு. தண்ணீர் குளிரவில்லை. அதுதான் மோசம். வியர்த்த கை ஒன்றைப் பிடித்தாற்போல இளஞ்சூடு.

மூன்று இழுப்பு.

தலைக்கு மேலே தண்ணீர் மூடியது.

சங்கரலிங்கம் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார், அதனால்தான் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது என்று விருதுநகர் வரைக்கும் பேசுகிறார்கள். அது பொய். மூன்றாம் நாள் தீயணைப்பு ஆட்கள் அவரை மடைக்குழியில் கண்டபோது கயிறு அவர் கையில்தான் இருந்தது. மறுமுனையை வேறொரு கை பிடித்திருந்தது. விரல்களைப் பிரிக்க முடியாமல், அதையும் சேர்த்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.