சுவரோரம் கிடைத்த கண்ணாடிகள்

முதல் கண்ணாடி கிடைத்தபோது மேஸ்திரி அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மேஸ்திரிக்குப் பதினொரு வயது. காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் புதரை வெட்டிச் சுத்தம் செய்வது அவளுடைய அம்மாவின் தொழில். விடுமுறை நாளில் இவளும் கூடவே வந்துவிடுவாள். "அங்க ஒரு கொடி விட்டுப்போச்சு, இங்க ஒரு முள் கிடக்கு" என்று எல்லோரையும் வேலை வாங்குவாள். அதனால் மாமா வைத்த பெயர்தான் மேஸ்திரி.

ஊர்க் கோடியில் இருந்த அந்த மனையை எட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. முள்ளும் கொடியும் ஆள் உயரத்துக்கு நின்றன. உடைந்த வாளி, கிழிந்த மெத்தை, ஒற்றைச் செருப்பு எல்லாம் உள்ளே கிடந்தன. அம்மா முன்னால் மெஷினால் வெட்டிக்கொண்டே போனாள். வெட்டியதை மாமா அள்ளி லாரியில் போட்டார். மேஸ்திரி வெகு தூரம் பின்னால் நின்று குப்பையை வாரிச் சேர்த்தாள்.

பக்கத்து வீட்டுச் சுவரோரம் குப்பைவாரியை இழுத்தபோதுதான் அந்த மூக்குக்கண்ணாடி சிக்கியது. நீலச் சட்டம். சின்னக் குழந்தை போடும் அளவு.

இரண்டடி தள்ளி இன்னொன்று. பச்சைச் சட்டம். அதே அளவு.

மூன்றாவதுக்கு ஒரு கால் இல்லை.

"இங்க என்ன, கண்ணாடி காய்க்கிற செடியா இருக்கு?" என்று முணுமுணுத்தபடி மேஸ்திரி நிமிர்ந்தாள். நேர் மேலே ஒரு ஜன்னல். அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"வெயில் கொளுத்துது, குடிம்மா. ஆமா, குப்பையில கண்ணாடி ஏதாவது கிடைச்சா சொல்றியா? எங்க பட்டு வாங்கிக் குடுக்கக் குடுக்க தொலைச்சுட்டு வர்றா. எங்க போச்சுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. தினமும் திட்டுதான்."

மேஸ்திரியின் பைக்குள் மூன்று கண்ணாடிகள் இருந்தன. ஜன்னலில் இருந்த தலை, வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.

மேஸ்திரிக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

"கண்ணாடியைப் பட்டு கையிலயே குடுத்துடுறேன் அத்தை" என்றாள்.

அந்த அம்மா உள்ளே போனதும் பட்டு ஓடிவந்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே முகத்தை நீட்டினாள்.

"எத்தனை எறிஞ்ச?" என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டாள்.

"நாலு. கடைசிது ரொம்ப தூரம் போயிடுச்சு. அன்னைக்குக் கோபம் ஜாஸ்தி."

"ஏன்?"

"அதைப் போட்டா என் கண்ணு சின்னதாத் தெரியுதாம். வகுப்புல எலிக்குட்டின்னு கூப்பிடுறாங்க." பட்டுவின் உதடு பிதுங்கியது.

மேஸ்திரி கண்ணுக்குக் காப்பாகத் தான் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "இதைப் போட்டா நான் எப்படி இருக்கேன்?"

பட்டு தயங்கினாள். "தவளை மாதிரி."

"எங்க அம்மா?"

"பெரிய தவளை."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கழட்டினா கண்ணுல முள் தெறிக்கும். அதான் தவளையாவே இருந்துக்கிறோம்" என்றாள் மேஸ்திரி. "சரி, அந்த நாலாவதைத் தேடலாம். உயரத்துல நிக்கிற நீயே பாரு."

"எனக்குத் தூரத்துல இருக்கிறது எதுவுமே தெரியாதே!"

மேஸ்திரி நீலக் கண்ணாடியைச் சட்டை ஓரத்தில் துடைத்து நீட்டினாள். பட்டு போட்டுக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"அந்த மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு."

பிறகு வெட்டாத புதரின் பக்கம் திரும்பினாள். "அதோ ஏதோ மின்னுது! இல்ல, அது கண்ணாடி இல்ல. கம்பி. சுருட்டி வச்ச முள்கம்பி. ஐயோ, உங்க அம்மாவுக்கு முன்னாடி!"

மெஷினில் கம்பி சிக்கினால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். மெஷின் சத்தத்துக்காக அம்மா காதை அடைத்திருந்தாள். கத்தினாலும் கேட்காது. மேஸ்திரி மாமாவின் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மனைக்கு வெளியே தெரு வழியாகச் சுற்றி, அம்மாவின் பார்வைக்கு நேராக வந்து, துண்டை ஆட்டினாள்.

மெஷின் நின்றது.

அம்மா ஒரு கம்பால் கொடியை விலக்கினாள். இரண்டே எட்டில் பாதி துருப்பிடித்த முள்கம்பிச் சுருள். அம்மா காதடைப்பைக் கழற்றினாள்.

"யாரு பார்த்தது?"

மேஸ்திரி கை காட்டினாள். அம்மா அவளோடு சுவரருகே வந்தாள். "என் கண்ணுக்கே தட்டுப்படலயே! உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"கண்ணாடி போட்டிருக்கேன்" என்றாள் பட்டு.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் அம்மா பின்னால் நின்றிருந்தார். "பட்டு, இது முதல்ல வாங்கின கண்ணாடி ஆச்சே?"

பட்டு மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி சுவர்மேல் இருந்த பட்டுவின் கைமேல் தன் கையை வைத்தாள்.

"நான்தாம்மா தூக்கி எறிஞ்சேன். நாலையும்." எலிக்குட்டிக் கதையும் பின்னாலேயே வந்தது.

அந்த அம்மா அவளை வாளியிலிருந்து தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். "இதை ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல? உன்னைப் போட்டு எவ்வளவு திட்டினேன்! நாளைக்கு நானும் வர்றேன். டீச்சர்கிட்ட பேசலாம்."

"நீ பேசு. நான் வெளிய நிக்கிறேன்."

"நீயும் உள்ள வர்ற."

"சரி" என்றாள் பட்டு, மூக்கை உறிஞ்சியபடி.

நாலாவது கண்ணாடி கடைசிவரை கிடைக்கவில்லை. மாலைக்குள் மனை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி லாரியில் ஏறும்போது பட்டு கூப்பிட்டாள்.

"அந்தக் கோடியில பாருங்க, ஒரு வீடு இருக்கு! இத்தனை நாளாப் புதர் மறைச்சிருக்கு. வாசப்படியில ஒரு பையன் நின்னு சிரிக்கிறான்."

"இவ்வளவு தூரத்துல சிரிக்கிறது எப்படித் தெரியும்?"

"முன்பல்லு ரெண்டும் இல்லையே!" என்ற பட்டு, அவனைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள்.