வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மேடையில் போட்டிருந்த படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே இருந்தது. செட் போட்டவர்கள் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் மருந்துக்கடைக்காரன் முதலில் நினைத்தான். ஆனால் அப்படியொரு கதவை அவன் ஒரே ஒரு வீட்டில் பார்த்திருந்தான். முதல் மனைவியோடு குடியிருந்த வீடு.

நாடகத்துக்குக் கூட்டிவந்தவள் இரண்டாவது மனைவி. ஒத்துப்போகாத ஒரு கணவன் மனைவி கதையாம், பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். பழைய வெல்வெட் இருக்கைகளின் புழுதி வாசனையும் முன்வரிசையில் யாரோ தலையில் தடவியிருந்த எண்ணெய் வாசனையும் கலந்த இருட்டில், சாப்பாட்டில் உப்பு கூடியதில் தொடங்கி, கதை நாயகியின் அண்ணனை இழுத்து, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதில் வந்து நின்ற அந்த மேடைச் சண்டையை, நடிகர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவன் வரிக்கு வரி அறிந்திருந்தான்.

நடிகைக்கு இழுப்பு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்ஹேலரைத் தேடினாள். கணவனாக நடித்தவன் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தாழ்ப்பாளைப் போட்டான்.

முதல் மனைவிக்கு இழுப்பு வந்த அன்றைக்கு இவனும் அதைத்தான் செய்தான். கடையில் தினமும் பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுக்கிற மருந்து. அவள் வாய் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் நினைத்தான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லி அழுதபோது, அவளுடைய அண்ணன்தான் இவனைத் தோளில் சாய்த்துத் தேற்றினான். யாருக்கும் தெரியாது. இரண்டாவது மனைவிக்கும்.

மேடையில் கதவைப் பிறாண்டும் சத்தம். போய்விடலாம் என்று மனைவியிடம் முணுமுணுத்தான். நல்ல கட்டம், கொஞ்சம் இருங்கள் என்றாள்.

பிறாண்டல் நின்றது. விளக்குகள் அணைந்தன. கைதட்டல் எழுந்தது. கதவின்மேல் மட்டும் மங்கலாய் ஒரு வெளிச்சம்.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

வந்தவள் நடிகை இல்லை.

படியிறங்கினாள். மூன்றாவது வரிசைக்குள் நுழைந்தாள். தாமதமாக வந்தவர்களுக்கு வழிவிடுவதுபோல ஆட்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள், அவளைப் பார்க்காமலேயே, கைதட்டிக்கொண்டே.

அவன் மடியில் உட்கார்ந்தாள். கல் போல் கனம். விரல்களில் நகம் இல்லை.

"எத்தன நிமிஷம் வெளிய நின்னீங்க?"

பொய் சொல்லப் பார்த்தான். நாக்கு புரளவில்லை.

"பதினொண்ணு."

"அவ்வளவுதான் எனக்கும் வேணும்."

அவன் வாயோடு வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். நிறுத்தவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் கை துழாவி மனைவியின் முழங்கையைப் பற்றியது. அவள் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னமெல்லாம் ஈரம்.

"இருங்க, முடியட்டும்" என்று அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு, மறுபடியும் கைதட்ட ஆரம்பித்தாள்.

முதல் நிமிஷமே இன்னும் முடியவில்லை.