பிரிஜட் டாக்டரிடம் கேட்ட கேள்வி

காலையில் எழுந்ததும் பிரிஜட்டின் முழங்கால்கள் மடங்க மறுத்தன. பத்து வயதுப் பெண்ணான அவள் யாரையும் கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள்.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் பகுதியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு அது. சமையலறையில் அல்போன்சம்மாள் அத்தை அம்மாவிடம் பேசும் குரல் கேட்டது. அப்பாவின் அக்காவான அவர் காத்தோங்கிலிருந்து வந்திருந்தார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் மூட்டுவலி கிடையாது. உன் அண்ணனுக்குத்தான் முதுகு வளைய மாட்டேங்குது. இது உங்க பக்கத்து ரத்தம்தான்லா."

 கழுவி வைத்த பானையை அம்மா எடுத்து மறுபடியும் கழுவினார்.

அன்று ஆஸ்பத்திரியில், பிரிஜட்டின் மூட்டுவலி பற்றிய ஆராய்ச்சிக்காக வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

"நீ அப்பாகூட போ. நான் வரல," என்றார் அம்மா.

ரத்தத்தைப் பார்த்து, 'உன்னால்தான் வந்தது' என்று டாக்டரும் சொல்லிவிட்டால்? அம்மாவின் பயம் பிரிஜட்டுக்குப் புரிந்தது. இன்று கேட்டே தீருவது என்று முடிவு செய்தாள்.

டாக்டர் லீலா அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"டாக்டர், இது எனக்கு யாரால வந்துச்சு?"

"பிரிஜட்..." என்று அப்பா சிலுவைராஜ் இழுத்தார்.

"கேக்கட்டும் சார்," என்றார் டாக்டர். "நம்ம உடம்பு எப்படி இருக்கணும்னு சொல்ற குறிப்புகள் நமக்குள்ளயே இருக்கு. மரபணுன்னு பேரு. பாதி அம்மா தந்தது, பாதி அப்பா தந்தது. அதுல சிலது இந்த நோய்க்கு வழி விடலாம்."

"எங்க அம்மா தந்ததா?"

"ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்திருக்கலாம். ஆனா அது இருக்கிற நிறைய பேருக்கு இந்த நோய் வர்றதே இல்ல. வேற ஏதோ ஒண்ணும் சேரணும். அது என்னன்னு எங்களுக்கே தெரியல. அதைத் தேடத்தான் எல்லார் ரத்தமும் கேக்குறோம். யார் மேலயும் தப்பு இல்லம்மா."

மதியம் அத்தை மீன் குழம்பு பரிமாறினார்.

"அத்தை, என் மூக்கு யார் மாதிரி?"

"என்னை மாதிரி. எங்க வீட்டு மூக்கு," என்று அத்தை பெருமையாகச் சிரித்தார்.

"ஸ்கூல்ல எல்லாரும் இதைக் கிண்டல் பண்றாங்க. அதுக்காக நான் உங்களைத் திட்டினேனா?"

அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இந்த வலியும் அப்படித்தான், அத்தை. ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்திருக்கலாம். யாரும் வேணும்னு கொடுக்கல. அப்பாவையே கேளுங்க."

"ஆமாக்கா. டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க," என்றார் அப்பா.

 அத்தை, சட்டியில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். "சாப்பிடு. ஆறிடப் போகுது."

அடுத்த வாரம் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அத்தையும் வந்தார், யாரும் கூப்பிடாமலே.

"என் ரத்தமும் உதவும்ல?" என்று கேட்டு உட்கார்ந்தவர், ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ரொம்ப வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்," என்றாள் பிரிஜட்.

அத்தை கண்களை இறுக மூடிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்தார். ஊசியை எடுத்த பிறகும் விடவில்லை.