மிச்சம் ஒரே ஒரு கேள்வி

குண்டூசிக்கு அந்தப் பெயரை வைத்தது சித்தப்பா. ஒல்லியாக இருப்பதால் வைத்தேன் என்பார் அவர். எங்கே கை வைத்தாலும் குத்துகிறாள், அதனால்தான் என்பார் அப்பா. இரண்டும் உண்மைதான் என்று குண்டூசியே ஒத்துக்கொண்டுவிட்டாள்.

அந்த வீட்டில் நாலு பேர். அம்மா பஸ் கண்டக்டர். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சித்தப்பா பேக்கரியில் கேக் விற்கிறார். குண்டூசி ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச்.

இவர்களைத் தவிர, விரிசல் விட்ட ஒரு பழைய போனும் உண்டு. அதன் இடம் ஃப்ரிட்ஜின் தலை. அதில் ‘கேளு’ என்றொரு செயலி. எதைக் கேட்டாலும் நொடியில் பதில் எழுதும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கேட்கலாம், இலவசம். பதின்மூன்றாவது தடவை கேட்டால், “இன்றைய இலவச அளவு முடிந்தது. நாளை காலை ஆறு மணிக்கு வாருங்கள். அல்லது மாதக் கட்டணம் செலுத்தித் தொடருங்கள்” என்று ரொம்பப் பணிவாகக் கதவைச் சாத்திவிடும்.

“ஏன் சித்தப்பா இப்படிப் பண்ணுது?” என்று குண்டூசி ஒருநாள் கேட்டாள்.

“நான் கடை வாசல்ல என்ன பண்றேன்? புது கேக் வந்தா ஒரு துண்டு வெட்டி சும்மா குடுக்கறேன்ல? ருசி நாக்குல ஒட்டிக்கும். ரெண்டாவது துண்டுக்குக் கல்லாவுக்குப் போகணும். அதே கதைதான்.”

“நீங்க யாருக்காவது பன்னிரண்டு துண்டு சும்மா குடுத்திருக்கீங்களா?”

“குடுத்திருந்தா இந்நேரம் வேற கடையில வேலை தேடிட்டு இருப்பேன்.”

சரி, விஷயத்துக்கு வருவோம். பதினொரு வருடமாகப் பஸ்ஸின் பின்பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்த அம்மாவுக்கு, முன்பக்கம் போய் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. அதற்கு முதலில் எழுத்துத் தேர்வு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு மூன்றாவது தடவை. இதிலும் போனால், அடுத்த தேர்வுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

டிப்போவில் விதிப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அம்மா இரண்டு பக்கம் படிப்பாள், மூன்றாவது பக்கத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். “யாராவது கேள்வி கேட்டாத்தான் எனக்கு மண்டையில ஏறும்” என்பாள். அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கேளுவிடம், ‘என்னைக் கேள்வி கேள்’ என்று எழுதுவாள். அதற்குள் கதவு சாத்தியிருக்கும். ஒரு வாரமாக இதே கூத்து.

இன்று நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குண்டூசி, பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி போட்டு ஏறிப் போனை எடுத்தாள். திரையின் மூலையில், ‘இன்று மீதம்: 3.’

“யார் திங்கறது இத்தனையையும்?” என்று முணுமுணுத்தபடி பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அங்கே அப்பா மாட்டினார்.

‘வணக்கம் தம்பி.’ ஒன்று. ‘சாப்பிட்டாச்சா?’ இரண்டு. ‘ஒரு சந்தேகம், கேட்கலாமா?’ மூன்று. பிறகுதான் ஃப்ரிட்ஜ் எப்படி உறுமுகிறது, எப்போது உறுமுகிறது என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கேள்வி. அதற்கு ஒரு பக்கத்துக்குப் பதில். ‘ரொம்ப நன்றி தம்பி.’ ஐந்து. ‘சரி, வச்சிடறேன்.’ ஆறு!

அடுத்து சித்தப்பா. ‘ஒரு ஜோக் சொல்லு.’ ‘இது ஜோக்கா?’ ‘இதைவிட நான் நல்லா சொல்வேன்.’

குண்டூசிக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்னும் புரட்டினாள். நேற்றைய பக்கம். ‘பூனை ஏன் முறைக்குது?’ ‘சும்மா முறைக்குதா, கோபமா முறைக்குதா?’ ‘நான் திருப்பி முறைச்சா என்ன ஆகும்?’ இப்படி முறைப்பிலேயே எட்டு கேள்வி போயிருந்தது. எழுதியது யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வந்த கோபம் மூக்கு நுனியிலிருந்து மெதுவாக இறங்கிவிட்டது. போனை ஃப்ரிட்ஜின் தலையிலேயே வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அப்பா கருவிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா! என்ன எழுதினீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. ‘வணக்கம் தம்பி’ன்னுதான்.”

“ஐயோ, அதுவே ஒண்ணு போச்சு! அம்மாவுக்கு நாளைக்குப் பரீட்சைப்பா. எழுதாதீங்க!”

“அடடா.” அப்பாவின் முகம் வாடிவிட்டது. “சரி, நான் எதுவும் கேட்கலை.” சொல்லிக்கொண்டே விரல் பழக்கதோஷத்தில் போய்விட்டது. ‘பரவாயில்லை தம்பி, அப்புறம் வரேன்.’

இன்று மீதம்: 1.

“சொல்லாம எழுந்து போனா நல்லா இருக்காதேன்னு…” என்று இழுத்தார் அப்பா. குண்டூசி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு அம்மாவும், அவளுக்குப் பின்னாலேயே சித்தப்பாவும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பரீட்சையில நாற்பது வரும்.”

“இந்த ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டணம் கட்டிடலாமா?” என்றார் அப்பா. குற்றம் செய்தவர் குரல்.

“மாசக் கடைசியில கேக்கற கேள்வியா இது?”

“அண்ணி, நான் இருக்கேன்ல?” சித்தப்பா காலரைத் தூக்கிவிட்டார். “பொய்ப் பேர்ல புதுசா ஒரு கணக்கு திறந்துடுவோம். இன்னொரு பன்னிரண்டு கிடைக்கும். அது முடிஞ்சா இன்னொண்ணு.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பதினொரு வருஷமா டிக்கெட் எடுக்காதவங்களை இறக்கி விட்டவ நான். நானே டிக்கெட் இல்லாம ஏறச் சொல்றியா?”

சித்தப்பா காலரை இறக்கிக்கொண்டார்.

குண்டூசி இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவள் மனசு அப்பாவின் ஃப்ரிட்ஜ் கேள்வியிலேயே நின்றுவிட்டது. அரைப் பக்கம் எழுதினாரே, அதற்கும் ஒன்றுதான் கழிந்தது. ‘வச்சிடறேன்’ என்றாரே, அதற்கும் ஒன்றுதான்!

“அம்மா!” என்று துள்ளினாள். “இது எவ்வளவு எழுதறோம்னு பார்க்கலை. எத்தனை தடவை அனுப்பறோம்னுதான் பார்க்குது. பஸ்ல ஒரு டிக்கெட்டுக்கு ஒரு மூட்டை கொண்டு வர்றாங்கள்ல?”

“கொண்டு வருவாங்க. நான் கத்துவேன்.”

“இது கத்தாது. நாம மூட்டையாக் கட்டி அனுப்புவோம்!”

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதலில் பென்சிலால் எழுதினாள். நாலு தலைகள் நோட்டின் மேல் முட்டிக்கொண்டன.

“நாற்பது கேள்வின்னு போடு” என்றாள் அம்மா. “பிரேக், கதவு, சிக்னல், மழை, எல்லாத்துலயும் கலந்து.”

“பதில் எல்லாம் கடைசியில தனியா வரணும்” என்றாள் குண்டூசி. “இல்லேன்னா நீங்க எட்டிப் பார்த்துடுவீங்க.”

“ஒரு ஜோக்கும்…” என்று ஆரம்பித்த சித்தப்பாவை மூன்று பேரும் பார்த்தார்கள். அவர் ஜோக்கை விழுங்கிவிட்டார்.

அப்பா மட்டும் நெளிந்துகொண்டிருந்தார். “எடுத்த எடுப்புல அதைக் குடு, இதைக் குடுன்னா எப்படிம்மா?”

குண்டூசிக்குச் சிரிப்பு வந்தது. மேலே ‘வணக்கம் தம்பி, சாப்பிட்டாச்சா?’ என்று சேர்த்தாள். கீழே ‘ரொம்ப நன்றி, வச்சிடறேன்’ என்று முடித்தாள். “போதுமாப்பா? எல்லாம் ஒரே மூட்டை.”

“இது முறை” என்றார் அப்பா, நிம்மதியாக.

இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அம்மாதான் அனுப்பினாள். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு கேள்விகள் கொட்ட ஆரம்பித்தன. பத்து, இருபது, நாற்பது. அடியில் பதில்கள். அதற்கும் அடியில் அந்தப் பணிவான கதவு. ஆனால் இன்று அதை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தப்பா பையிலிருந்து கேக் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினார். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி என்று எழுதிக் கலைத்துப் போட்டார்கள். அம்மா வெங்காயம் நறுக்கினாள், அப்பா கேட்டார். அம்மா துணி மடித்தாள்; சித்தப்பா கேட்டார். பதில்களைத் தனியாக எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு குண்டூசி நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“கதவு முழுசா மூடாதப்போ பஸ்ஸை நகர்த்தலாமா?”

“கூடாது.”

“தப்பு” என்றாள் நீதிபதி. “மெதுவாப் போனா நகர்த்தலாம்னு இதுல இருக்கு.”

அம்மாவின் கத்தி அப்படியே நின்றது. “யார் சொன்னது?”

“கேளு.”

“அது என்னைக்கு பஸ்ல ஏறிச்சு? படிக்கட்டுல ஒரு கால், ரோட்டுல ஒரு காலுன்னு எத்தனை பேரை நான் கையைப் பிடிச்சு இழுத்திருக்கேன் தெரியுமா? எடு அந்தப் புத்தகத்தை!”

புத்தகம் வந்தது. இருபத்திரண்டாம் பக்கம். ‘கதவு முழுமையாக மூடும்வரை பேருந்து அசையக் கூடாது.’

நாலு பேரும் அந்த வரியைப் படித்தார்கள். அம்மா மட்டும் இரண்டாவது தடவையும் படித்தாள். அவள் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது.

“எனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, “மத்த பதிலையும் புத்தகத்தோட ஒத்துப் பாருங்க. அடுத்த கேள்வி எங்கே? ம், கேளுங்க!”

மறுநாள் சனிக்கிழமை. குண்டூசியும் டிப்போவுக்குப் போனாள். பத்து மணிக்கு உள்ளே போன அம்மா பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தாள். கையில் ஒரு தாள். நாற்பதுக்கு முப்பத்தேழு.

“தேறிட்டீங்களா?”

“தேறிட்டேன்டி! திங்கட்கிழமை ஓட்டிக் காட்டணும்.”

“மூணு எதுல போச்சு?”

“பாரு, குத்தறதை!” என்று அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள் அம்மா.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா பின்பக்கம் போகவில்லை. டிரைவருக்கு நேர் பின் சீட்டில் குண்டூசியோடு உட்கார்ந்தாள். வழி நெடுகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகக் கீழே குனிந்த குண்டூசி, அம்மாவின் வலது கால் வெறும் தரையை அழுத்துவதைப் பார்த்தாள்.

அன்று அந்த பஸ், ஒவ்வொரு சிக்னலிலும் அம்மா மிதித்த பிறகுதான் நின்றது.