ஈரம் தங்காத அறை

ஐப்பசி அடைமழையில் உப்பேரிக் கரையிலிருந்த கோட்டைக்குப்பமே ஊறிக் கிடந்தபோது, கலைவாணி வீட்டுக்குள் கட்டிய கொடியில் மட்டும் துணி போட்டதும் மொறமொறவென்று காய்ந்தது. பக்கத்து வீட்டு ஜெயம்மா தொட்டுப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தாள்.

"இன்னாடி, உன் வூட்ல மட்டும் வெயில் அடிக்குதா?"

"எல்லாம் மெஷின் புண்ணியம்க்கா" என்று கலைவாணி பெருமையாகச் சிரித்தாள்.

புருஷன் தீனா பொன்னேரியில் பழசாக வாங்கி வந்த மெஷின். சப்போட்டா, பலாச்சுளை, முருங்கைக்கீரை, எதை வைத்தாலும் பனியாக உறையவைத்து ஈரத்தை ஒட்ட உறிஞ்சிவிடும். நிறமும் உருவமும் அப்படியே இருக்கும், கனம் மட்டும் போய்விடும். உறிஞ்சிய தண்ணீர் குழாய் வழியே வாளியில் சொட்டும்.

அதனால்தான் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்த நாலு வயது மஞ்சுவை, ஒழுகும் கூடத்திலிருந்து தூக்கி மெஷின் அறையில் படுக்கவைத்தாள். மழைக்காலத்தில் காய்ந்த தரை கிடைத்தால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

மதியம் கரண்ட் போனது. ஓட்டின் மேல் மழை இரைய, ஏரிச் சேற்று வாடை ஜன்னல் வழியே ஏற, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த அறையிலிருந்து யாரோ மூச்சை விடாமல் உள்ளே மட்டும் இழுத்துக்கொண்டிருப்பது போல மெஷின் உறுமிக்கொண்டே இருப்பது உறைக்க வெகுநேரம் ஆயிற்று.

கரண்டே இல்லையே?

ஓடினாள். பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நிற்கவில்லை. மூடியைத் திறந்தாள். பழம் எதுவும் வைக்காத தட்டுகள். ஆனால் வாளி நிரம்பி வழிந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. ஏரி உப்பு இல்லை. வெதுவெதுப்பான கண்ணீர் உப்பு.

"யம்மா, தாகமா கீதும்மா."

குரல் காய்ந்த ஓலை உரசுவது போலிருந்தது. செம்பை வாயில் வைத்தாள். மஞ்சு குடிக்கக் குடிக்க வாளிதான் வழிந்தது.

வாரித் தூக்கினாள். கனமே இல்லை. கன்னத்தில் அதே நிறம். திறந்த கண். இமைக்கவில்லை.

வாசலுக்கு ஓடினாள். "ஜெயம்மாக்கா!" மழை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? தீனா ஏரியில் மீன்பிடிக்கப் போயிருந்தான். ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு வண்டியும் வராது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். காய்ந்த சப்போட்டாத் துண்டைத் தண்ணீரில் போட்டால் ஊறிப் பழையபடி ஆகிவிடும்.

தீனாவின் படகு கரை திரும்பியபோது, இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து நின்றாள்.

"இன்னாடி பண்றே? கொயந்த எங்கே?"

"கொஞ்சம் இரு மாமா. ஊறட்டும்."

முதலில் மிதந்து மிதந்து மேலே வந்தது. அழுத்தினாள். மெல்லக் கனம் ஏறியது. பிறகு, சின்னக் கால் ஒன்று அவள் வயிற்றில் உதைத்தது.

உயிர் வந்துவிட்டது! அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. ஆனால் சப்போட்டாவைப் போல, அரைகுறையாக ஊறும்போதே எடுத்தால் நடுவில் விறைத்தே நின்றுவிடும். தீனா கத்திக்கொண்டே தண்ணீரில் குதித்தான். கலைவாணி இரண்டு கைகளாலும் இன்னும் ஆழமாக அழுத்திப் பிடித்தாள்.